ஆஸ்பத்திரியில் இருக்கிறான்

மஞ்சள் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தவன் சிலாஸ்தான் என்பதை முதலில் கண்டுகொண்டவள் அபோண்டி. மீட்புப் படகில் இருந்த மூன்று பேரும் காலையிலிருந்து அவனைத்தான் தேடிக்கொண்டிருந்தார்கள். கிடைத்துவிட்டான், உயிரோடும் இருக்கிறான். கையை லேசாக உயர்த்தக்கூடச் செய்தான். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ அலுப்புதான். அந்த வாரத்தில் ஏரி ஒரு நாள்கூடச் சும்மா இருக்கவில்லை. நேற்றும் போனார்கள், முந்தாநாளும் போனார்கள். முட்டி இரண்டும் வீங்கி, உப்பிய மாவு மாதிரி ஆகியிருந்தது. இதில் இன்றைக்குக் கிடைத்தவன் சக்களத்தி மகனாகவா இருக்க வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டாள். அப்புறம் அதற்கும் நேரமில்லை.

ஒடெரோ இயந்திரத்தை நிறுத்தி, காற்றே படகைத் தள்ளிக்கொண்டு போய் அவன் பக்கத்தில் சேர்க்கும்படி விட்டான். அந்த வேலையில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஃபெலிக்ஸ் பாதி உடம்பை வெளியே நீட்டி, சிலாஸின் அக்குளில் கைகொடுத்து ஒரே தூக்காகத் தூக்கப் பார்த்தான். அபோண்டி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். நின்றவாக்கில் தூக்கினால் இரத்தமெல்லாம் காலுக்கு இறங்கிவிடும், நெடுநேரம் நீரில் கிடந்தவன் படகுக்குள் விழும்போதே போய்விடுவான் என்று அவனுக்கும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவசரத்தில் எல்லாம் மறந்துபோகும். பழைய வலையை நீரில் இறக்கி, அவனுக்கு அடியில் செருகி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, படுத்தவாக்கிலேயே படகின் விளிம்பைத் தாண்டி உள்ளே உருட்டினார்கள். சிலாஸ் அபோண்டியின் மடியில் வந்து விழுந்தான். கேனை மட்டும் அவன் விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

அவன் ஒமேனா பிடிக்கப் போனவன். அந்தப் பொடிமீனுக்கு விளக்குப் போட்டு இரவெல்லாம் உட்கார வேண்டும். விடியும் நேரத்தில் காற்று கிளம்பிப் படகைக் கவிழ்த்துவிட்டது. கூடப் போன இரண்டு பேரை வேறொரு படகு எடுத்துக் கரை சேர்த்தது. சிலாஸ் முங்கினதைக் கண்ணால் பார்த்தோம், திரும்ப எழவில்லை என்று அவர்கள் இருவரும் சத்தியம் செய்தார்கள். பிறகென்ன, சூரியன் மரத்துக்கு மேல் வருவதற்குள் ரோஸ்லிடாவின் வீட்டில் ஒப்பாரி தொடங்கிவிட்டது. அபோண்டி படகுக்கு ஓடும்போதே அந்தச் சத்தம் காதில் விழுந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான்.

ரோஸ்லிடா மூத்தவள், அபோண்டி இளையவள். இருவருக்கும் பொதுவாக இருந்த மனிதர் காய்ச்சலில் படுத்துப் போய்ச் சேர்ந்தபோது, கடைசியாகக் கஞ்சி கொடுத்தது யார் கை என்று ரோஸ்லிடா ஊர் கூடியிருந்த முற்றத்தில் நின்று கேட்டாள். கேட்டதோடு சரி, பதிலை எதிர்பார்க்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கரையில் அபோண்டி கையால் யாரும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. வறுத்த மீன் விற்றுக்கொண்டிருந்தவளின் பிழைப்பு அதோடு போயிற்று. பிறகு இந்த மீட்புப் படகு வந்தது. முதலுதவி படிக்க ஒரு ஆள் வேண்டுமென்றார்கள். வேறு யாரும் அசையவில்லை, அவள் கை தூக்கினாள். பெண்பிள்ளையாவது படகேறுவதாவது என்று சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேரின் நெஞ்சில் கைவைத்து அழுத்தி, வாயில் வாய்வைத்து ஊதி, அவள் திரும்ப எழுப்பியிருக்கிறாள். அவர்களும் அவள் கொடுக்கும் தண்ணீரைக் குடிப்பதில்லை. மூச்சு நின்றவனுக்கு யார் கை என்று பார்க்கும் வசதி இல்லை, மூச்சு வந்தவனுக்கு உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஈரச் சட்டையைக் கத்தரியால் வெட்டி எடுத்துப் போட்டு, போர்வையைச் சுற்றி, அதன்மேல் தார்ப்பாயைப் போர்த்தினாள். ஃபெலிக்ஸ் இடுப்பிலிருந்து சாராயக் குப்பியை எடுத்தான். குளிருக்கு ஒரு மடக்கு, அவ்வளவுதான் என்றான். அதை நீ குடி, அவன் உடம்பில் கொஞ்சம் இருக்கிற சூட்டையும் அது வெளியே கூட்டிக்கொண்டு போய்விடும் என்றாள் அபோண்டி. அவன் மறுபேச்சில்லாமல் குடித்தான். காலைத் தேய்த்து விடட்டுமா என்று கேட்டதற்கும் கூடாது என்றாள். சும்மா இருப்பதுதான் ஃபெலிக்ஸுக்கு உலகத்திலேயே கஷ்டமான வேலை. தண்ணீர் குடித்தவனைத் தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்காமல் ஒரு மீட்பா என்று அவன் மனசுக்குள் இன்னமும் ஒரு குறை இருந்தது.

சிலாஸ் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான். இருபத்தைந்து வயதுக்காரன், அப்பாவின் தாடை அப்படியே.

"சின்னம்மா, உகாலிக் களி எதாச்சும் இருக்கா?" என்றான்.

ஃபெலிக்ஸ் வாய்விட்டுச் சிரித்தான். ஒடெரோகூடத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினான். சின்னம்மா என்ற சொல்லைச் சிலாஸ் வாயிலிருந்து அவள் கேட்டு வருடங்கள் ஆகியிருந்தன. வேலியோரம் எதிர்ப்பட்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறவன். அவனும் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியிலேயே இருமலாக மாறியது. ஒடெரோ இயந்திரத்தை முடுக்கிப் படகின் மூக்கை ஊர்ப்பக்கம் திருப்பினான். கரை பக்கம்தான். அம்மா அழுதுகொண்டிருப்பாள், சீக்கிரம் போங்க சித்தப்பா என்றான் சிலாஸ். ஒடெரோ அவனுக்குச் சொந்தச் சித்தப்பா, செத்துப்போனவரின் தம்பி.

அந்த இருமல் அபோண்டிக்குப் பிடிக்கவில்லை. நீர் குடித்தவன் இருமத்தான் செய்வான். ஆனால் இது இருமி முடிந்து ஓய்கிற இருமலாக இல்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் இன்னொன்று காத்திருந்தது. போர்வையை விலக்கி அவன் முதுகில் காதை வைத்தாள். இயந்திரச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் நிறுத்தச் சொன்னாள். ஒடெரோ முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினான். இப்போது கேட்டது. மூச்சை இழுக்கும்போது அடியில் எண்ணெய்ச் சட்டியில் உப்பு போட்டதுபோலச் சின்னச் சின்னப் பொரிச்சல். கட்டைவிரலால் அவன் கீழுதட்டை மடக்கி உள்பக்கத்தைப் பார்த்தாள். எங்கள் கறுத்த தோலில் முகத்தைப் பார்த்து நிறம் சொல்ல முடியாது, உதட்டுக்கு உள்ளேதான் தெரியும். சிவப்பாக இருக்க வேண்டியது சாம்பல் பூத்திருந்தது. வாயோரம் ஒரு துளி நுரை.

போன மழைக்காலத்தில் ஒரு பையனை இப்படித்தான் எடுத்தார்கள். அவனும் பேசினான், பாட்டுக்கூடப் பாடினான். கரையில் இறக்கியதும் கூட்டம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கோழி அடித்துச் சோறு போட்டார்கள். அவன் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தான், எழுந்திருக்கவில்லை. உள்ளே போன கொஞ்சம் தண்ணீர் போதும், நுரையீரல் மெதுவாக ஊறி ஊறி நிறைந்துவிடும், அதனால் எழுந்து நடக்கிறவனையும் ஆஸ்பத்திரியில் ஒரு நாளாவது வைக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது அன்றைக்குத்தான் அவர்கள் மண்டையில் ஏறியது. கரையில் முகத்தைக் காட்டிவிட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. செத்துப் பிழைத்தவனைக் கரையில் இறக்கினால் அந்தக் கூட்டத்திடமிருந்து திரும்ப வாங்க ராணுவம் வந்தால்தான் உண்டு.

சுகாதார நிலையம் ஏரிக்கு அக்கரையில் இருந்தது. தொட்டியில் இருந்த பெட்ரோல் அங்கே போகத்தான் காணும்.

படகு எங்கே போக வேண்டும் என்பது ஒடெரோவின் பேச்சு. ஆனால் நோயாளி ஏறிவிட்டால் முதலுதவிக்காரர் சொல்வதுதான் பேச்சு. அது அந்தப் படகின் முறை. இதுவரை அதில் தகராறு வந்ததில்லை. அபோண்டி அக்கரைக்குத் திருப்பச் சொல்லியும் ஒடெரோ திருப்பவில்லை. இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாக மதினியைக் கிண்டல் செய்யாமல் அவனுக்கு ஒரு வார்த்தை வராது. இன்று குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"மதினி, நான் சொல்றதக் கேளு. வீட்டுல போய் இவன் செத்தா ஏரி கொன்னுச்சும்பாங்க. அங்க கொண்டுபோய்ச் செத்தா நீ கொன்னேம்பாங்க. அண்ணன் விஷயத்துலயே இன்னும் உன்ன விட்டபாடில்ல."

அது அவளுக்குத் தெரியாததில்லை. ஒடெரோ சொல்வதற்கு முன்பே, முதுகில் காதை வைத்த அந்த நிமிஷமே தெரியும். வீட்டில் இறக்கிவிட்டால் அவளுக்கு ஒரு பழியும் இல்லை. கொண்டுவந்து சேர்த்தாள் என்று நல்ல பேர்கூட வரலாம். ரோஸ்லிடா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு வார்த்தை பேசினாலும் பேசுவாள். பிறகு ராத்திரி அந்த வீட்டில் மறுபடியும் ஒப்பாரி கேட்கும்போது, இவள் இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு அதைக் கேட்க வேண்டும். அது எதனால் வந்தது என்று இவளுக்குத் தெரியும். அவள் மிகவும் களைத்திருந்தாள். வேறு யாராவது முடிவு செய்தால் தேவலை என்று உண்மையாகவே ஏங்கினாள்.

"திருப்புங்க" என்றாள்.

ஒடெரோ திருப்பினான்.

வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஃபெலிக்ஸ் பிளாஸ்டிக் பையிலிருந்து போனை எடுத்தான். ரோஸ்லிடா போனை எடுக்கவில்லை. அவளுடைய அண்ணன் எடுத்தார். ஃபெலிக்ஸ் காற்றுக்கு மேல் கத்தினான். கிடைத்துவிட்டான், உயிரோடு இருக்கிறான், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறோம் என்று மூன்று முறை சொன்னான். மறுபக்கம் பெண்கள் அழும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெரியவர் மிகவும் தன்மையான குரலில் சொன்னார்:

"புரிஞ்சுதுப்பா. நீங்க பாத்துக் கொண்டுபோங்க. அம்மாகிட்ட நாங்க பக்குவமாச் சொல்லிக்கறோம்."

ஃபெலிக்ஸ் போனையே பார்த்தான். தப்பு அவன் மேல்தான், அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. எங்கள் கரையில் யாரும் செத்துவிட்டான் என்று போனில் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கொஞ்சம் முடியவில்லை, நீங்கள் வந்தால் தேவலை என்றுதான் சொல்வார்கள். கேட்கிறவனும் மறுகேள்வி கேட்காமல், வெள்ளைத் துணி வாங்கக் காசு இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்ப்பான். இப்படியே சொல்லிச் சொல்லி, உண்மையில் ஆஸ்பத்திரியில் இருக்கிறவனைச் சொல்ல வார்த்தை இல்லாமல் போய்விட்டது. ஃபெலிக்ஸ் திரும்பவும் போட்டான். சத்தியமாக உயிரோடு இருக்கிறான், பேசுகிறான் என்றான். சரிப்பா, சரிப்பா, நீ அழாதே என்று பெரியவர் அவனுக்கு ஆறுதல் சொன்னார். போனைச் சிலாஸின் வாயருகே வைத்தான். சிலாஸ் பேச மூச்செடுத்தான். இருமல்தான் வந்தது.

அக்கரைக்குப் போகும் வழி ஊர்க்கரையை ஒட்டித்தான். கரையில் கூட்டம் நின்றது தெரிந்தது. மீட்புப் படகு உயிருள்ளவனைக் கரைக்குக் கொண்டுவரும், பிணத்தை அக்கரைப் பிணவறைக்குக் கொண்டுபோகும். அதைச் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். தார்ப்பாய் போர்த்திய உருவத்தோடு படகு நிற்காமல் கடந்தபோது, கரையில் அதுவரை விட்டு விட்டுக் கேட்ட அழுகை ஒரே குரலாக எழும்பிற்று. பெண்கள் மண்ணில் விழுந்தார்கள். ஃபெலிக்ஸ் எழுந்து நின்று இல்லை இல்லை என்று கையை ஆட்டிப் பார்த்தான். ஆட்ட ஆட்ட அழுகை கூடியதுதான் மிச்சம்.

"யாருக்கு அழறாங்க?" என்றான் சிலாஸ்.

"உனக்குத்தான் மச்சான். நல்லாக் கேட்டுக்க. எவன் அழலன்னு பாத்து வை, வந்து கணக்குத் தீத்துக்கலாம்" என்றான் ஃபெலிக்ஸ். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிலாஸுக்குச் சிரிக்க மூச்சு இல்லை. அபோண்டி அவனைத் தூக்கி உட்கார வைத்து, பின்னால் உட்கார்ந்து தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். படுத்தால் அவனுக்கு மூச்சு முட்டியது. ஒரு கையை அவன் விலாவில் வைத்து, மூச்சு ஓடும் வேகத்தை வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தாள். அது கூடிக்கொண்டே போனது. இந்த முடிவு சரிதான் என்பதற்கு அது சாட்சி. அந்தச் சாட்சி இல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு பிராணவாயு இயந்திரம் இருந்தது, நல்லவேளை அதை யாரும் பயன்படுத்தவில்லை. மூக்கில் குழாயைச் செருகினார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். கொஞ்சம் தாமதித்திருந்தால் இங்கே கொண்டுவந்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றாள் நர்ஸ். இப்போதும் எதுவும் சொல்வதற்கில்லை, நாளைக் காலை வரை தாண்ட வேண்டும், படுக்க மட்டும் விடாதீர்கள் என்றாள். தலைப்பக்கத்தை உயர்த்தக்கூடிய கட்டில் இல்லை. தலையணைகளை அடுக்கிப் பார்த்தார்கள். சிலாஸ் கண் அயர்ந்ததும் ஒரு பக்கமாகச் சரிந்தான். கடைசியில் அபோண்டி கட்டிலில் ஏறி, அவன் முதுகோடு தன் முதுகைச் சேர்த்து, எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அவன் அப்படியே அவள்மேல் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தான். மேற்கே மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. பெட்ரோல் கடன் சொல்லி வாங்கி ஊற்றிக்கொண்டு, காற்றுக்கு முன்னால் படகைக் கொண்டுபோக வேண்டுமென்று ஒடெரோவும் ஃபெலிக்ஸும் கிளம்பினார்கள். போகும்போது ஒடெரோ அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனான்.

மத்தியானம் முழுக்க அவள் அசையவில்லை. முதலில் கால் மரத்தது, அப்புறம் இடுப்பு. கழுத்துக்குக் கீழே ஒரு இடம் எரிந்துகொண்டே இருந்தது. அவன் முகம் அவளுக்குத் தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். மூச்சை இழுக்கும்போது அவன் முதுகு அவளை லேசாக முன்னால் தள்ளும், விடும்போது திரும்ப வரும். சில சமயம் தள்ளுவதற்குத் தாமதமாகும். அப்போது அவள் தன் மூச்சையும் பிடித்துக்கொள்வாள். பிறகு தள்ளும். பசித்தது. தூங்கிவிடக் கூடாது என்று சுவரில் இருந்த பல்லியோடு பேசிப் பார்த்தாள். செத்துப்போன மனிதரோடும் கொஞ்சம் பேசினாள். உங்கள் பிள்ளை கனம், உங்களை மாதிரியே என்று சொன்னாள்.

சாயங்காலம் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ரோஸ்லிடா. வாடகைப் படகில் வந்திருந்தாள், கூட அவள் அண்ணன். மேலே போட்டிருந்த துணியைத் துக்கத்துக்கு உள்பக்கம் வெளியே தெரியக் கட்டியிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து, முழங்கையெல்லாம் மண். கையில் ஒரு வெள்ளைத் துணி, கடையில் மடித்த மடிப்பு கலையாமல். வாசற்காரனிடம் பிணவறைக்கு வழி கேட்டிருக்கிறாள். அவன் பெயரைக் கேட்டுவிட்டு இந்த அறையைக் காட்டியிருக்கிறான். பெரியவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ரோஸ்லிடா இரண்டடி உள்ளே வந்தாள். கண்மூடி, தலை தொங்கி, குழாயோடு உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருப்பவள் யார் என்றும் பார்த்தாள்.

"செத்தவனக்கூடப் படுக்க விட மாட்டியாடி?" என்றாள்.

கத்தவில்லை. காலையிலிருந்து அழுது குரல் போயிருந்தது. அபோண்டிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கொடுக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. விளக்கிச் சொல்லவும் தெம்பில்லை. உயிரோடு இருக்கிறான் என்று சொன்னால் அதையும் அந்தப் பெரியவர் போல இவள் பக்குவமாகக் கேட்டுக்கொள்வாள்.

"இங்க வந்து முதுகக் குடு அக்கா" என்றாள். "என் முதுகு விட்டுப் போச்சு."

ரோஸ்லிடா நின்றாள். வாசலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சொன்னதைச் செய்கிற பிள்ளையைப் போல வந்து கட்டிலின் ஓரத்தில் ஏறினாள். அபோண்டி அங்குலம் அங்குலமாக நகர, விட்ட இடத்தில் ரோஸ்லிடாவின் முதுகு வந்தது. சிலாஸ் ஒருமுறை தடுமாறிப் புது முதுகில் சாய்ந்தான். அபோண்டி கட்டிலிலிருந்து இறங்கினாள். கால் நிற்கவில்லை. சிமென்ட் தரையில் அப்படியே உட்கார்ந்துகொண்டாள்.

ரோஸ்லிடா எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். ஏதோ பேச வாயைத் திறந்தவள் திறந்தபடியே நிறுத்தினாள். அவள் தோள் இரண்டும் மெதுவாக, தானாக, முன்னால் போயின. திரும்ப வந்தன. மறுபடியும் போயின. மடியில் இருந்த வெள்ளைத் துணியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்தது வருகிறதா என்று அசையாமல் காத்திருந்தாள்.